ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறோம்: அங்குள்ள பழங்குடி மக்களைப் பற்றி நம்மவர்கள் சொல்வது எவ்வளவு உண்மை?

கூடுவாஞ்சேரியான்:

எல்லாருக்கும் வணக்கம். மனைவி ஜி.பி. டாக்டர். வெளிநாட்டில் படிச்ச டாக்டர்களுக்கான பத்து வருஷ விதி இங்க நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மெடிகேர்ல (அரசு மருத்துவக் காப்பீடு) பில் போடணும்னா டாக்டர் பற்றாக்குறை இருக்கிற இடத்துக்குத்தான் போகணும். அவளுக்கு நடு ஆஸ்திரேலியாவுல இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல கிடைச்சிருக்கு. வர்ற ஜனவரியில கிளம்புறோம். ஏழு வயசுப் பையன் இருக்கான்.

சிட்னியில யார்கிட்ட சொன்னாலும் முதல்ல வர்ற வார்த்தை, "ஐயோ, அங்கயா? அது அபோ ஊராச்சே." கோயில்ல பார்த்த ஒரு அங்கிள், ராத்திரி கதவைத் திறக்காதே, சிக்னல்ல கண்ணாடியை இறக்காதேன்னு பெரிய பட்டியலே போட்டார். கடைசியில கேட்டா, அவர் அந்த ஊருக்குப் போனதே இல்லையாம். அரசாங்கம் அவங்களுக்குச் சும்மா வீடு, கார், பணம் எல்லாம் குடுக்குதுன்னும் சொல்றாங்க. அங்க இருந்தவங்க யாராவது சொல்லுங்க. பயமுறுத்தவும் வேண்டாம், பூசி மெழுகவும் வேண்டாம்.

வெண்ட்வொர்த்வில்_மாமா:

தம்பி, அந்த அங்கிள் சொன்னது சரிதான். நான் இந்த நாட்டுக்கு வந்து தலைமுடி நரைச்சாச்சு. குடி, சண்டை, கார் திருட்டு, இதுதான் அங்க. வேலைக்குப் போக மாட்டாங்க. நாமெல்லாம் ரெண்டு பெட்டியோட வந்து இறங்கினோம். நமக்கு யாராவது வீடு குடுத்தாங்களா? ஃபேக்டரியில நைட் ஷிப்ட் பார்த்து, பசங்களை நுழைவுத் தேர்வு வச்சு எடுக்கிற செலக்டிவ் ஸ்கூல்ல சேர்த்து மேல வந்தோம். அவங்களுக்கு இருநூறு வருஷம் டைம் இருந்துச்சு. இதைச் சொன்னா இனவெறின்னு கிளம்பிடுவாங்க. இது அனுபவம், இனவெறி இல்ல.

மட்டுறுத்துநர்:

முதல் பதிவில் வந்திருக்கும், 'அ'வில் தொடங்கும் அந்தச் சொல் இங்கே பழங்குடி மக்களைக் குறிக்கும் வசைச்சொல். பிறர் சொன்னதாக எடுத்துக்காட்டியிருப்பதால் விட்டு வைக்கிறேன். இனிமேல் யாரும் பயன்படுத்த வேண்டாம். நம்மை 'கறி மன்ச்சர்' என்று ஒருவன் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான்.

யாழ்ப்பறவை:

வெண்ட்வொர்த்வில் அண்ணை, ஒரு கேள்வி. அனுபவம் எண்டு சொல்லுறியள். இத்தனை வருசத்தில எத்தனை பழங்குடி ஆக்களோட இருந்து கதைச்சிருக்கிறியள்? டிவியில பாத்ததைக் கேக்கேல்லை.

வெண்ட்வொர்த்வில்_மாமா:

பேசினாத்தான் தெரியணுமா? சிட்னியில அவங்க ஆளுங்க இருக்கிற ரெட்ஃபெர்ன் ஸ்டேஷன்ல பார்த்ததே போதும்.

சிவப்புமண்_நர்ஸ்:

நான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் இருக்கிற வட பிரதேசத்துல (நார்தர்ன் டெரிட்டரி) நர்ஸா வேலை பார்க்கிறேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். கூடுவாஞ்சேரித் தம்பி கேட்ட பணம், வீடு விஷயத்தை முதல்ல முடிச்சிடறேன்.

பழங்குடியா பொறந்ததுக்காகன்னு தனியா ஒரு சம்பளம் கிடையாது. எல்லாரும் வாங்குற சென்டர்லிங்க் (அரசு உதவித்தொகை அலுவலகம்) பணம்தான், அதே விதிதான். படிக்கிற பசங்களுக்கு ஆப்ஸ்டடின்னு ஒண்ணு இருக்கு. மத்த மாணவர்களுக்கு வேற பேர்ல கிடைக்கிறது கிட்டத்தட்ட அதே தொகை. சும்மா கார் குடுக்கிற திட்டம் எங்கயும் இல்ல. இன்னும் சொல்லப்போனா 2007லேர்ந்து இங்க நடந்தது நேர் எதிர். மத்திய அரசு வட பிரதேசக் கிராமங்களுக்குள்ள ராணுவத்தையும் சேர்த்து அனுப்பிச்சு, அவங்களுக்கு வர்ற உதவித்தொகையில பாதியை ஒரு அட்டையில போட்டு, இன்ன கடையில இன்ன பொருள்தான் வாங்கலாம்னு கட்டுப்படுத்திச்சு. நம்மாள் ஒருத்தருக்கு வேலை போய் சென்டர்லிங்க்ல நின்னா, உன் பணத்துல பாதியை நாங்க சொல்ற கடையிலதான் செலவழிக்கணும்னு யாரும் அப்ப சொல்லலையே.

குடி விஷயம். அரசாங்கக் கணக்கெடுப்புகளே சொல்றது, குடியைத் தொடவே தொடாதவங்க பங்கு பழங்குடிகள்கிட்ட மத்த ஆஸ்திரேலியர்களைவிடக் குறைவில்ல, பல வருஷம் கூடவே இருந்திருக்கு. குடிக்கிறவங்க ஆபத்தான அளவுக்குக் குடிக்கிறாங்க, அதுவும் உண்மை. ஆனா வெள்ளைக்காரர் தன் வீட்டுக் கொல்லையில உட்கார்ந்து குடிக்கிறார். மூணு ரூம் வீட்டுல பதினஞ்சு பேர் இருக்கிறவன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல காஞ்சு கிடக்கிற டாட் ஆத்து மணல்ல உட்கார்ந்து குடிக்கிறான். யார் கண்ணுக்குத் தெரிவாங்க?

இந்த இடத்துல ஆல்பர்ட் நமட்ஜிரா கதையைச் சொல்லியே ஆகணும். அந்த ஊர்ப் பக்கத்து அரண்டா பழங்குடி இனத்து ஓவியர். மெல்பன், சிட்னியில அவர் நீர்வண்ண ஓவியத்துக்கு அடிச்சுப் பிடிச்சுக் கூட்டம். அப்படிப்பட்டவர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல சொந்தமா வீடு கட்டக் கேட்டப்போ அனுமதி இல்ல. 1928லேர்ந்து 60கள் நடுப்பகுதி வரைக்கும் அந்த ஊருக்குள்ள பழங்குடிகள் இருக்கறதுக்கே வேலைச் சீட்டு, அனுமதின்னு தேவைப்பட்ட காலம். 1957ல அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் குடியுரிமை குடுத்தாங்க. அதனால அவர் மது வாங்கலாம். ஆனா அவர் சொந்தக்காரங்க வாங்கக் கூடாது. அந்தச் சமூகத்துல கையில இருக்கிறதைப் பங்கு போடாம இருக்க முடியாது. 1958ல, மது குடுத்தார்னு ஜெயில் தண்டனை. வெளியில வந்து 1959 ஆகஸ்ட்ல செத்துப் போனார். செத்த பிறகும் விடல. அவர் ஓவியங்களோட காப்புரிமையை 1983ல அரசாங்க டிரஸ்டி 8,500 டாலருக்கு வித்துட்டார். குடும்பத்துக்கு அது திரும்பி வந்தது 2017ல.

பஸ்காரன்_பெர்த்:

நான் பெர்த்ல முதல்ல டாக்ஸி ஓட்டினேன், இப்போ பஸ். டாக்ஸிக்கு வந்ததும் சீனியர் டிரைவர்கள் சொல்லிக் குடுத்த முதல் பாடம், "ராத்திரி கறுப்புக் கை தெரிஞ்சா நிக்காதே, காசு தராம ஓடிடுவான்." சொன்னவங்க பஞ்சாபி, சோமாலி, நம்மாளு. அவங்க யார் கையும் வெளுப்பில்ல.

காசு தராம ஓடினவங்க எனக்கும் உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி நார்த்பிரிட்ஜ்ல ஏறுற வெள்ளைக்காரப் பசங்கதான் பெரும்பாலும். சீட்டுல வாந்தி எடுத்தவனும் அவன்தான். ஆனா வெள்ளைக்காரனை ஏத்தாதேன்னு யாரும் சொன்னதே இல்ல. அவன் ஓடினா அந்தப் பையன் கெட்டவன். இவன் ஓடினா அந்த இனமே கெட்டது.

டயாலிசிஸ் முடிஞ்சு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற பாட்டிக்கு வண்டி வராது. கிட்ட வந்து முகத்தைப் பார்த்துட்டு கேன்சல் பண்ணிட்டுப் போறவங்களை நான் பார்த்திருக்கேன். பக்கத்துல வெள்ளை யூனிஃபார்ம்ல நர்ஸ் நின்னா மட்டும் நிப்பாங்க.

வெண்ட்வொர்த்வில்_மாமா:

சரி, டிரைவருங்க பண்றது தப்பு. ஒத்துக்கறேன். ஆனா என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. நாமும் கறுப்புதான். நம்மையும் ரோட்டுல வம்பு பண்ணினான். நாம எப்படி மேல வந்தோம்? படிப்பு. அவங்களை யாராவது படிக்க வேணாம்னாங்களா?

சட்டப்பூனை:

மாமா, ஆமாம். வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். எழுத்திலேயே சொன்னார்கள்.

நீங்கள் இருக்கும் நியூ சவுத் வேல்ஸிலேயே, வெள்ளைக்காரப் பெற்றோர் ஆட்சேபித்தால் பழங்குடிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கும் அதிகாரம் தலைமை ஆசிரியருக்கு இருந்தது. அந்த விதி ஆசிரியர் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது 1972இல். மோரீ நகர நீச்சல் குளத்தில் பழங்குடிப் பிள்ளைகள் குளிக்கத் தடை. 1965இல் சார்லஸ் பெர்க்கின்ஸ் சிட்னி பல்கலைக்கழக மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் அந்தக் குளத்தின் வாசலில் நின்ற பிறகுதான் நாட்டுக்கே அது தெரிந்தது. அந்தப் பெர்க்கின்ஸ் பிறந்ததும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்தான், கலப்புப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்திருந்த விடுதி வளாகத்தில். 1910க்கும் 1970க்கும் இடையில் பழங்குடிப் பிள்ளைகளில் பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டதாக 1997 விசாரணை அறிக்கை சொல்கிறது. நீங்கள் பிள்ளையை செலக்டிவ் பள்ளியில் சேர்க்க டியூஷன் சென்டர் வாசலில் காத்திருந்தீர்கள். அவர்கள் அரசாங்க வண்டி வந்தாலே பிள்ளையைப் புதரில் ஒளித்து வைத்தார்கள்.

உழைப்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடக்கே மாட்டுப் பண்ணைகள் ஓடியதே பழங்குடி ஆட்களை வைத்துத்தான். கூலி என்று கொடுத்தது மாவு, சர்க்கரை, தேயிலை, கொஞ்சம் இறைச்சி. 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் சுமார் 200 குரிஞ்சி மக்கள் வெளியேறினார்கள். முதலில் அது கூலிப் போராட்டம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர்கள் கேட்டது நிலம். 1975இல் பிரதமர் விட்லம் நேரில் வந்து ஒரு பிடி மண்ணை லிங்கியாரி கையில் போட்டார். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குவீன்ஸ்லாந்தில் கூலி கொடுத்தார்கள், ஆனால் அதை அரசாங்கமே பிடித்து வைத்துக்கொண்டது. பேரன் காலத்தில், 2019இல், வழக்குப் போட்டு 190 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஆனது. உழைத்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் இறந்துவிட்டார்கள். போருக்குப் போய்விட்டு வந்த வெள்ளைச் சிப்பாய்க்குப் பண்ணை நிலம் கிடைத்தது. அதே படையில் நின்ற பழங்குடிச் சிப்பாய்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களுக்குத்தான் கிடைத்தது. உங்கள் வெண்ட்வொர்த்வில் வீடு இன்று என்ன விலை, உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு சொத்து இரண்டு தலைமுறைக்கு முன்பே கைக்கு வந்திருந்தால், வராமல் போயிருந்தால், கணக்கு எப்படி மாறும் என்று பாருங்கள்.

இனி நம் விஷயம். வெள்ளையரை மட்டுமே குடியேற விடும் வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கைக்கு முடிவு கட்டியது 1973. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1975. தமிழனுக்கு வாடகைக்கு வீடு இல்லை, வேலை இல்லை என்று இன்று யாரும் முகத்துக்கு நேரே சொல்ல முடியாதது இந்தச் சட்டத்தால். அந்தச் சட்டம் செல்லுமா என்று உயர் நீதிமன்றம் வரை போனது யாருடைய வழக்கு தெரியுமா? கேப் யார்க் பக்கம் விக் இனத்தைச் சேர்ந்த ஜான் கோவார்ட்டா. தன் மக்களின் பாரம்பரிய நிலத்தில் ஒரு மாட்டுப் பண்ணைக் குத்தகையை, பழங்குடி நில நிதி ஆணையத்தின் மூலம் காசு கொடுத்து வாங்கப் பார்த்தார். விற்கிறவர் தயார். பழங்குடிகள் கையில் பெரிய நிலம் போகக் கூடாது என்று குவீன்ஸ்லாந்து அரசு மறுத்தது. அவர் வழக்குப் போட்டார். மத்திய அரசுக்கு இப்படி ஒரு சட்டம் போட அதிகாரமே இல்லை என்று மாநிலம் வாதாடியது. 1982இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் பிழைத்தது. ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் நமக்கு அந்தச் சட்டமே இருந்திருக்காது.

வென்ற கோவார்ட்டாவுக்கு நிலம் கிடைத்ததா? இல்லை. மாநில அரசு அந்த இடத்தைத் தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டது. அவர் 1991இல் இறந்தார். நிலம் விக் மக்களுக்குத் திரும்பியது 2012இல். நர்ஸ் அக்கா சொன்ன 2007 நடவடிக்கையையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். அதைச் செய்வதற்காக இதே பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள், அந்த மக்களுக்கு மட்டும். யார் வழக்காடிக் காப்பாற்றினார்களோ அவர்களுக்குத்தான் அது இல்லாமல் போனது.

வளரி_வேந்தன்:

எல்லோரும் ஒரு முக்கியமான உண்மையை மறந்துவிட்டீர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் ஆதித் தமிழர்களே! நம் வளரிதான் அவர்கள் பூமராங். குமரிக் கண்டம் கடலில் மூழ்கியபோது பிரிந்தவர்கள். மரபணு ஆய்விலும் நிரூபணம் ஆகிவிட்டது.

சட்டப்பூனை:

நிரூபணம் ஆகவில்லை. சுமார் 4,000 ஆண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து கலப்பு நடந்திருக்கலாம் என்று 2013இல் ஒரு ஆய்வு வந்தது உண்மை. 2016இல் ஒய் குரோமோசோமை வைத்துச் செய்த ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவர்கள் அந்த நிலத்தில் 50,000 ஆண்டுக்கு மேலாக இருக்கிறார்கள். நம் சித்தப்பா பிள்ளை என்று தெரிந்தால்தான் இரங்குவோம் என்றால் அது என்ன இரக்கம்?

மட்டுறுத்துநர்:

குமரிக் கண்டத்துக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடுகிறது. அங்கே போகவும்.

யாழ்ப்பறவை:

எனக்கு இதில வேற ஒரு யோசினை. எங்களுக்குக் குடியேற்றம் எண்டா என்னெண்டு ஒருத்தரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1949இல இலங்கையின்ர கிழக்கில, கல்லோயாவில துவங்கினது. அரசாங்கமே காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, வெளியிலயிருந்து சனத்தைக் கொண்டுவந்து இருத்தினது. பிறகு தேர்தல் தொகுதி மாறினது, ஊர்ப் பேர் மாறினது. இதைச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் வளந்தனாங்கள். பேந்து இஞ்ச வந்து மெல்பன் டான்டினோங்கில வீடு வேண்டி, முற்றத்தில கறிவேப்பிலை நட்டு, "இந்த ஆக்கள் ஏன் இன்னும் பழசையே கதைச்சுக்கொண்டிருக்கினம்" எண்டு கேக்கிறம். சிங்களவன் எங்களைப் பாத்து அதையே கேட்டா எங்களுக்கு நெஞ்சு கொதிக்குது.

அங்க நாங்கள் நிலம் பறிகுடுத்த சனம். இஞ்ச நாங்கள் பறிச்ச நிலத்தில கொண்டுவந்து இருத்தப்பட்ட சனம். ரெண்டும் உண்மை.

பஸ்காரன்_பெர்த்:

இதுல எனக்கு உடன்பாடில்ல. உயிருக்குப் பயந்து படகுல வந்து கிறிஸ்மஸ் தீவுல அடைபட்டுக் கிடந்தவனைக் குடியேற்றக்காரன்னு சொல்றது அநியாயம். அவன் யார் நிலத்தையும் பிடுங்கல.

யாழ்ப்பறவை:

பிடுங்கினவன் எண்டு சொல்லேல்லை, தம்பி. நானும் படகில வந்தவையின்ர குடும்பம்தான். பிடுங்கினவன் தந்த கதையை நாங்கள் ஏன் வாய் கூசாமல் திருப்பிச் சொல்லுறம் எண்டுதான் கேக்கிறன். வந்து இறங்கின மாசமே அவையைப் பற்றி எல்லாம் தெரிஞ்ச மாதிரி கதைக்கிறம். ஆர் சொல்லித் தந்தது?

டாட்_கரையோரம்:

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்லேயே இருக்கிறவன் எழுதுறேன். லேட்டா வந்துட்டேன்.

கூடுவாஞ்சேரி, பூசி மெழுக வேணாம்னு கேட்டீங்க, அதனால நேரா சொல்றேன். ஊர்ல பிரச்சனை இருக்கு. என் கார் கண்ணாடியை உடைச்சிருக்காங்க. ராத்திரி பத்து வயசுப் பசங்க கூட்டமா ரோட்டுல நடக்கிறதைப் பார்ப்பீங்க. 2022ல மதுத் தடை காலாவதி ஆனதும் ரொம்ப மோசமாச்சு. அடுத்த வருஷ ஆரம்பத்துல திரும்பக் கொண்டு வந்தாங்க. 2024 மார்ச்ல பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ராத்திரி ஊரடங்கே போட்டாங்க. இந்த வன்முறையில அதிகம் அடி வாங்குறது நாம இல்ல, பழங்குடிப் பெண்கள்தான். அது சிட்னி அங்கிள்கள் பட்டியல்ல வராது. கார் கதவைப் பூட்டுங்க, பையை சீட்டுல வைக்காதீங்க. பெரமட்டாவுல என்ன பண்ணுவீங்களோ அதேதான், கொஞ்சம் கூடுதலா. பகல்ல பையனைக் கூட்டிட்டு எங்க வேணா போலாம்.

இப்போ இன்னொரு பக்கம். இங்க ஒயின்ஷாப் வாசல்ல யூனிஃபார்ம் போட்ட ஆள் நிப்பாங்க, போலீஸோட துணைப்படை. உள்ள போறவங்ககிட்ட ஐடி கேட்டு, எங்க வச்சுக் குடிக்கப் போறேன்னு விசாரிப்பாங்க. மதுத் தடை உள்ள இடத்துக்கு எடுத்துட்டுப் போறதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. எல்லாருக்கும் பொதுன்னு சட்டம். எனக்கு முன்னால ரெண்டு வெள்ளைக்காரர், ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு, 'ஹவ் யூ கோயிங் மேட்'னு சொல்லிட்டு நேரா உள்ள போனாங்க. நான் நல்ல கறுப்பு. தொப்பி, மூணு நாள் தாடி, வீட்டு வேலை பார்த்த அழுக்குச் சட்டை. கை குறுக்கே வந்துச்சு. "எங்க தங்கியிருக்கே? எந்தக் கேம்ப்?" ஊரைச் சுத்தி இருக்கிற பழங்குடிக் குடியிருப்பைத்தான் கேம்ப்னு சொல்வாங்க. நான் வாயைத் திறந்து பதில் சொன்னேன். என் இங்கிலீஷைக் கேட்டதும் அந்த முகம் மாறின வேகத்தைப் பார்க்கணுமே. "ஓ, சாரி டாக்டர்!" நான் டாக்டர் இல்ல, அக்கவுண்டன்ட். இங்க இந்தியன்னாலே டாக்டர்தான். லைசென்ஸைக்கூடப் பார்க்கல, கையைக் காட்டி உள்ள அனுப்பிட்டாங்க. எனக்குப் பின்னால ஒரு பழங்குடிக்காரர், என்னைவிட சுத்தமான உடுப்பு. அவர் அட்ரஸ் சொல்லி, அது எந்தத் தெருவுல இருக்குன்னு விளக்கி, கூட யாரு இருக்காங்கன்னு சொல்லிட்டு நின்னுட்டே இருந்தார். நான் பீர் வாங்கிட்டு வெளிய வரும்போதும் அங்கேயேதான் நின்னார்.

வெண்ட்வொர்த்வில்_மாமா:

அந்த ஆபீசர் அவர் வேலையைப் பார்த்தார். தப்பா எடுத்துக்கக் கூடாது. பிரச்சனை இருக்கிற ஊர்ல செக்கிங் இருக்கத்தான் செய்யும்.

சரி, எல்லாரும் சரித்திரம் சொல்றீங்க. 2023 அக்டோபர்ல, பழங்குடிகள் கருத்தை நாடாளுமன்றத்துக்குச் சொல்ற ஒரு அமைப்பு வேணுமான்னு, பழங்குடிக் குரல்னு ஒரு ஓட்டெடுப்பு வந்துச்சே. நான் 'நோ' போட்டேன். நாட்டுல நூத்துக்கு அறுபது பேர் 'நோ'. ஆறு மாநிலமும் 'நோ'. அவங்க ஆளே ஜசிந்தா பிரைஸ், உங்க ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல துணை மேயரா இருந்தவங்க, 'நோ'ன்னுதான் சொன்னாங்க. ஒருத்தருக்குத் தனி உரிமை, மத்தவங்களுக்கு இல்லேன்னா அது என்ன சமத்துவம்?

சட்டப்பூனை:

மாமா, 'நோ' போட்டவர் எல்லாரும் இனவெறியர் என்று நான் சொல்ல மாட்டேன். பழங்குடி செனட்டர் லிடியா தோர்ப் முற்றிலும் வேறு காரணத்துக்காக 'நோ' சொன்னார், இது போதாது, முதலில் ஒப்பந்தம் வேண்டும் என்று. ஆனால் ஜசிந்தா பிரைஸைச் சொல்லும்போது இதையும் சொல்லுங்கள். வட பிரதேசத்தின் தொலைதூரப் பழங்குடிக் கிராமங்களுக்குப் போன நடமாடும் வாக்குச்சாவடிகளில் பெருவாரியாக 'எஸ்' விழுந்தது. அந்த மக்கள் என்ன கேட்டார்கள்? தங்களைப் பற்றிச் சட்டம் போடும்போது தங்களிடம் கருத்துக் கேளுங்கள் என்றார்கள். அதுவும் ஆலோசனைதான், தடுக்கும் அதிகாரம்கூட இல்லை. கேட்காமல் போட்ட சட்டத்துக்கு 2007ஐத்தான் மேலே பார்த்தோமே.

இந்தத் 'தனி உரிமை' வாதம் எனக்கு ஊரிலேயே கேட்டுப் பழகியது. கோட்டாவில் வந்தவன், எங்கள் மார்க்கை அவன் பிடுங்கிக்கொண்டான். அங்கே அதைச் சொன்னவர்களைத் திட்டியவர்களே இங்கே வந்து அதைச் சொல்வதுதான் வேடிக்கை.

பஸ்காரன்_பெர்த்:

விளையாட்டுல பார்த்தீங்கன்னா இன்னும் நல்லா தெரியும். ஆடம் குட்ஸ், சிட்னி ஸ்வான்ஸ் ஃபுட்டி வீரர். 2013ல மைதானத்துல ஒரு சின்னப் பொண்ணு அவரைக் குரங்குன்னு கத்தினா. அவர் கை நீட்டிக் காட்டினார். மறுநாளே, அந்தப் பொண்ணைத் திட்டாதீங்க, அது சின்னக் குழந்தைன்னும் சொன்னார். 2014ல ஆஸ்திரேலியாவின் சிறந்த மனிதர் விருது. அடுத்த வருஷம் பந்து அவர் கைக்குப் போனாலே மைதானம் பூரா கூச்சல். தாங்க முடியாம அந்த சீசனோட விலகிட்டார். படிப்பு இல்லேன்னு சொல்ல முடியாது, குடின்னு சொல்ல முடியாது, சோம்பேறின்னு சொல்ல முடியாது. மாமா சொல்ற வழியில மேல வந்தவர்தான். மேல வந்து வாயைத் திறந்தார், அவ்வளவுதான் அவர் செஞ்ச குத்தம்.

வெண்ட்வொர்த்வில்_மாமா:

கூச்சல் போட்டது தப்பு. அதை நானும் ஏத்துக்கறேன். மத்ததுல என் கருத்து மாறல. கடைசியா ஒண்ணு. ஜெயில்ல மூணுல ஒருத்தர் அவங்க ஆள்னு நியூஸ்ல வருதே, அதுவும் நம்ம கற்பனையா?

சட்டப்பூனை:

கற்பனை இல்லை. மக்கள்தொகையில் 4 சதவீதம்கூட இல்லாதவர்கள் சிறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எதற்காக உள்ளே போகிறார்கள் என்று பாருங்கள். விக்டோரியாவில் டான்யா டே என்ற அம்மா, 2017 டிசம்பரில் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தார். குடித்திருந்தார். யாருக்கும் தொந்தரவு இல்லை. கண்டக்டர் போலீஸைக் கூப்பிட்டார். லாக்கப்பில் விழுந்து தலையில் அடிபட்டு, பிறகு இறந்தார். அவர் பழங்குடி என்பது கண்டக்டரின் முடிவைப் பாதித்தது என்று மரண விசாரணை நீதிபதியே சொன்னார். பொது இடத்தில் குடிபோதையில் இருப்பதைக் குற்றமாக்காதீர்கள் என்று காவல் மரணங்களை விசாரித்த அரச ஆணையம் பரிந்துரைத்தது 1991இல். விக்டோரியாவில் அந்தச் சட்டம் போனது 2023 நவம்பரில். உங்கள் மகன் கிறிஸ்மஸ் பார்ட்டி முடிந்து கடைசி ரயிலில் தூங்கினால் கண்டக்டர் என்ன செய்வார்? தட்டி எழுப்பி, 'ஸ்டேஷன் வந்தாச்சு மேட்' என்பார்.

கூடுவாஞ்சேரியான்:

நான் அவர் மனைவி, அவர் ஐடியிலேயே எழுதுறேன். எல்லாத்தையும் படிச்சேன். நர்ஸ் அக்கா, கிளினிக்ல நான் முதல்ல எதைக் கத்துக்கணும்? புத்தகத்துல இருக்கிறது தெரியும். அங்க போய் நிக்கும்போது எங்க சறுக்கும்னு சொல்லுங்க.

சிவப்புமண்_நர்ஸ்:

டாக்டரம்மா, கேட்டதுக்கு சந்தோஷம்.

முதல்ல மிஸ் டூ வழக்கைப் படிங்க. மேற்கு ஆஸ்திரேலியா, சவுத் ஹெட்லண்ட், 2014 ஆகஸ்ட். 22 வயசுப் பழங்குடிப் பொண்ணு. கட்டாத அபராதத்துக்காக லாக்கப். வலின்னு சொல்றா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர்றாங்க. நடிக்கிறா, போதை மருந்துப் பழக்கம்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவை வந்தப்போ காய்ச்சல்கூட அளந்து பார்க்கல. மூணாவது தடவை வந்தப்போ நேரம் கடந்துடுச்சு. விலா எலும்பு முறிவுலேர்ந்து ஆரம்பிச்ச தொற்று ரத்தத்துல கலந்திருந்தது. அங்க இருந்த யாரும் ராட்சசங்க இல்ல, நம்ம மாதிரி ஷிப்ட் பார்க்கிறவங்கதான். 'நடிக்கிறா'ன்னு ஒருத்தர் எழுதினதை அடுத்தவர் அப்படியே நம்பினார். உங்க கிளினிக்லயும் பழைய நோட்ஸ்ல 'ஒத்துழைக்க மாட்டார்'னு எழுதியிருக்கும். அதைப் படிக்கிறதுக்கு முன்னால ஆளைப் பாருங்க.

வாத இதய நோய். சிட்னியில நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க, சென்னையில படிக்கும்போது பார்த்திருப்பீங்க. இங்க பழங்குடிப் பிள்ளைகள்கிட்ட உலகத்துலயே அதிகமா இருக்கிற இடங்கள்ல ஒண்ணு. தொண்டைப் புண், தோல் சிரங்குல ஆரம்பிக்கிறது. ஒரே வீட்டுல அத்தனை பேர், பழுதான குழாய், துவைக்க மெஷின் இல்ல, அங்கிருந்து இதய வால்வு வரைக்கும் போகுது. 28 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருஷத்துக்கு. ஊசி பயங்கர வலி. எட்டு வயசுப் பையன் அந்த ஊசிக்குப் பயந்து ஓடினா, 'பொறுப்பில்லாத குடும்பம்'னு எழுதிடுவாங்க. ஊசியைக் கொஞ்ச நேரம் கையில வச்சுச் சூடாக்கி, மெதுவா போட்டா அடுத்த மாசம் அவனே வருவான்.

காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் காதைப் பாருங்க. நடுக்காதுத் தொற்று இங்க அவ்வளவு அதிகம். டீச்சர் சொல்றது கேக்காத பையனைத்தான் 'அடங்காதவன்'னு சொல்லிடறாங்க. அதே பையன் பின்னால போலீஸ் சொல்றதும் கேக்காம நிப்பான்.

டயாலிசிஸுக்காக ஊரை விட்டு வந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல தங்கறவங்க நிறைய. அவங்க கிளினிக்குக்கு வராம ஊருக்குப் போயிட்டா, சாவு வீடா இருக்கலாம், கேட்டுப் பாருங்க. கின்டோர் பக்கத்து ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? அது ஆலிஸ்லேர்ந்து 500 கிலோமீட்டர். அரசாங்கம் அங்க மெஷின் வைக்க முடியாதுன்னுடுச்சு. 2000ல அவங்க ஓவியர்கள் சேர்ந்து வரைஞ்ச படங்களை சிட்னியில ஏலம் விட்டு, 10 லட்சம் டாலருக்கு மேல திரட்டி, தங்களே டயாலிசிஸ் ஆரம்பிச்சாங்க. இப்போ அந்த அமைப்பு பல கிராமத்துல நடத்துது. சோம்பேறின்னு சொல்ற மாமாவுக்கு இதை அனுப்பி வைங்க.

பேச்சு. நிறைய பேருக்கு இங்கிலீஷ் மூணாவது, நாலாவது மொழி. 'யெஸ் யெஸ்'னு சொன்னா புரிஞ்சதுன்னு அர்த்தமில்ல, நீங்க சீக்கிரம் முடிச்சு விடட்டும்னு அர்த்தமா இருக்கலாம். மொழிபெயர்ப்பாளர் சேவை இலவசம், கூப்பிட வெட்கப்படாதீங்க. கேள்வி கேட்டுட்டு சும்மா இருங்க. நம்ம ஊர் ஓ.பி. வேகத்துல அடுத்த கேள்விக்குப் போயிடாதீங்க. எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ளைன்னு முதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்க. அவங்க உங்ககிட்ட கேக்கப் போற முதல் கேள்வியும் அதுதான்.

கூடுவாஞ்சேரியான்:

ரொம்ப நன்றி அக்கா, பிரிண்ட் எடுத்து வச்சுக்கறேன். டாட்_கரையோரம் அண்ணா, பையனுக்கு ஸ்கூல் பத்திக் கேக்கணும். 'நல்ல ஸ்கூல்'னு ஒருத்தர் ஒரு தனியார் ஸ்கூல் பேரைச் சொன்னார். ஏன் நல்ல ஸ்கூல்னு கேட்டதுக்கு, "அங்க அவங்க பசங்க கம்மி"ன்னார். பையனை அரசுப் பள்ளியில போடலாமான்னு யோசிக்கிறோம்.

டாட்_கரையோரம்:

என் பொண்ணு அரசுப் பள்ளிதான். அரண்டா மொழி வகுப்பு உண்டு, என்னைவிட அவளுக்கு நிறைய வார்த்தை தெரியும். டீச்சர்கள் அடிக்கடி மாறுறதுதான் உண்மையான குறை, அதை விசாரிச்சுக்குங்க. வந்ததும் தனிமடல் போடுங்க, தலைமை ஆசிரியரைப் பார்க்கக் கூட்டிட்டுப் போறேன். இட்லி அரிசி மட்டும் அங்கிருந்தே மூட்டையா கொண்டு வாங்க, இங்க விலை கட்டுப்படியாகாது.